அவசர வண்டியின் மருந்துப் பெட்டி

உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. அவசரப்படாமல் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

தெருவில் ஒருவர் திடீரெனச் சுருண்டு விழுந்து கிடக்கிறார். நாடி இல்லை, மூச்சும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அதிலிருந்து இறங்கும் மருத்துவ உதவியாளரின் கையில் முத்திரையிட்ட ஒரு பெட்டி இருக்கிறது. பெட்டியின்மேல் ஓர் எண் மட்டுமே. உள்ளே மருந்து நிரப்பிய பத்து ஊசிக்குழல்கள். அவற்றில் இருப்பது, இத்தகைய நோயாளிக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் அட்ரினலினாக இருக்கலாம். அல்லது வெறும் உப்புக் கரைசலாகவும் இருக்கலாம். எது என்று ஊசி போடும் உதவியாளருக்கே தெரியாது! கீழே கிடப்பவர் உங்கள் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியைப் பிரிக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

"கூடவே கூடாது" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். ஆனால் இது கற்பனை அன்று. 2014 டிசம்பர் முதல் 2017 அக்டோபர் வரை பிரிட்டனில் ஐந்து ஆம்புலன்ஸ் அமைப்புகள் இப்படித்தான் செய்தன. மொத்தம் 8,014 நோயாளிகள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு மருந்து, மீதிப்பேருக்கு உப்பு நீர். அரசு அறிந்து, அறநெறிக் குழு அனுமதித்து நடந்த ஆய்வு இது.

இதை எதற்காகச் செய்தார்கள்? அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

சுமக்கும் வண்டி, சிகிச்சை வண்டியானது

ஆம்புலன்ஸ் என்பது நெடுங்காலம் நோயாளியைச் சுமந்து செல்லும் வண்டியாக மட்டுமே இருந்தது. ஒரு தூக்குக் கட்டில், ஒரு ஓட்டுநர், ஒரு மணி, அவ்வளவுதான். மருத்துவம் என்பது மருத்துவமனை வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். இதில் ஒரு பெரிய இடையூறு இருந்தது. மாரடைப்பு வந்து இறப்பவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்துக்குள், மருத்துவரைப் பார்க்கும் முன்னரே இறந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஒரு வழி தேடியவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்ற இதய மருத்துவர். இவர் இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சயாம்–பர்மா ரயில் பாதையில் கொத்தடிமையாக வேலை செய்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன ஆயிரக்கணக்கான தமிழர்கள் மாண்டதும் அதே பாதையில்தான். அங்கே இவருக்கு வைட்டமின் குறைவால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோய் வந்தது. உயிர் பிழைத்து ஊர் திரும்பியவர், இதயத்தையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்!

மாரடைப்பு வந்த பலருக்கு இதயம் சீராகத் துடிப்பதை விட்டுவிட்டு, தசைநார்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் நடுங்கத் தொடங்கிவிடும். பையில் பிடித்த புழுக்கள் நெளிவதுபோல் இருக்கும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்வார்கள். நடுங்கும் இதயம் இரத்தத்தை வெளியே தள்ளாது. ஒரு வலுவான மின்னதிர்ச்சி கொடுத்தால் இந்த நடுக்கம் நின்று, இதயம் மீண்டும் ஒழுங்குக்கு வர வாய்ப்புண்டு. ஆனால் அந்த மின்னதிர்ச்சிக் கருவி மருத்துவமனையின் சுவரில் மின்சாரத்தோடு இணைந்து கிடந்தது. பாண்ட்ரிட்ஜ் குழுவினர் இரண்டு 12 வோல்ட் கார் பேட்டரிகளைக் கொண்டு அதை இயக்கி, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். எடை சுமார் 70 கிலோ! 1966 ஜனவரியில் அந்த வண்டி பெல்ஃபாஸ்ட் தெருக்களில் ஓடத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் கருவியின் எடையை 3 கிலோ அளவுக்குக் குறைத்துவிட்டார் பாண்ட்ரிட்ஜ்.

அதற்குச் சற்று முன்பே அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இன்னொரு கண்டுபிடிப்பு தற்செயலாக நடந்திருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன் என்ற மின்பொறியியல் பேராசிரியரின் மாணவர் நிக்கர்பாக்கர், 1958இல் நாய் ஒன்றின் மார்பின்மேல் மின்முனைத் தட்டுகளை அழுத்தி வைத்தபோது ஒன்றைக் கவனித்தார். மின்சாரம் பாய்ச்சும் முன்னரே, வெறும் அழுத்தத்தினாலேயே நாயின் இரத்த அழுத்தம் சற்று ஏறியது. அதுவரை நின்றுபோன இதயத்தை இயக்க வேண்டுமானால் மார்பைக் கீறிப் பிளந்து, இதயத்தைக் கையால் பிசைவார்கள். இனி அது தேவையில்லை. மார்பின்மேல் இரு கைகளால் அழுத்தினாலே போதும் என்று 1960இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் எழுதினார்கள். பொறியியல் மாணவர் ஒருவரின் கூர்மையான கண்ணுக்கு மருத்துவ உலகம் பட்ட கடன் இது.

மின்னதிர்ச்சியும் மார்பழுத்தமும் சேர்ந்து, ஆம்புலன்ஸை ஒரு சிறு மருத்துவமனையாக ஆக்கின. அதன்பின் மருத்துவமனையில் நல்லது எனப்பட்ட ஒவ்வொன்றும் வண்டியில் ஏறியது. பிராணவாயு உருளை ஏறியது. சலைன் பாட்டில் ஏறியது. அட்ரினலின் ஏறியது. ஏற்றும்போது "இது தெருவிலும் பயன் தருமா?" என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நல்ல மருந்து எங்கே கொடுத்தாலும் நல்லதுதானே என்று எண்ணிவிட்டார்கள்.

சலைனும் பிராணவாயுவும்

முதல் அடி விழுந்தது சலைனுக்கு. கத்திக்குத்தோ துப்பாக்கிச் சூடோ பட்டு இரத்தம் போகிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது. உடனே நரம்பில் உப்புக் கரைசலை வேகமாக ஏற்றி அழுத்தத்தை மேலே கொண்டுவர வேண்டும். இதுதான் பாடம். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் ஓட்டை விழுந்திருக்கும்போது நீங்கள் குழாயை இன்னும் அதிகமாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? ஓட்டையின் வழியே பீய்ச்சிக்கொண்டு அடிக்கும். உடலிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. ஏறிய அழுத்தம், காயத்தின் வாயில் அப்போதுதான் உறைந்துவரும் இரத்தக் கட்டியை இடித்துத் தள்ளிவிடுகிறது. கூடவே, கரைசல் இரத்தத்தை நீர்க்கச் செய்வதால் உறைய வைக்கும் பொருள்களின் செறிவும் குறைகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதைச் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பகுதியில் குத்துக் காயமோ குண்டுக் காயமோ பட்டு இரத்த அழுத்தம் இறங்கிய 598 பேர். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை மாற்றினார்கள்: ஒரு நாளில் அடிபட்டவர்களுக்கு வழக்கம்போல வண்டியிலேயே சலைன், அடுத்த நாளில் அடிபட்டவர்களுக்கு அறுவை அரங்கம் போகும்வரை சலைன் இல்லை. உடனே ஏற்றப்பட்டவர்களில் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். ஏற்றாமல் காத்திருந்தவர்களில் 70 சதவீதம்! ஒன்று சொல்ல வேண்டும்: இது குத்துக் காயங்களுக்கான முடிவு. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைக்குச் சலைன் இன்றும் உயிர்காக்கும் மருந்தே. ஒன்றுக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் பொருத்திவிடக் கூடாது.

அடுத்தது பிராணவாயு. மூச்சுத் திணறுகிறவருக்குப் பிராணவாயு கொடுப்பதில் தவறு இருக்க முடியுமா? இருக்க முடியும் என்று காட்டியது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் நடந்த ஆய்வு. புகைப்பழக்கம் போன்றவற்றால் நுரையீரல் நாட்பட்டுச் சீர்கெட்டவர்கள் திடீரென மூச்சு முட்டி ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கப்படி நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் பிராணவாயுவை முகமூடி வழியே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, இரத்தத்தில் பிராணவாயுச் செறிவு 88 முதல் 92 சதவீதம் வரை இருக்கும்படி அளந்து அளந்து கொடுத்தார்கள். 2010இல் முடிவு வெளியாயிற்று. மொத்தம் 405 பேர்; அள்ளிக் கொடுத்த கூட்டத்தில் இறந்தவர் 9 சதவீதம்; அளந்து கொடுத்த கூட்டத்தில் 4 சதவீதம்.

காரணம் சுவையானது. நமது நுரையீரலில் காற்று சரியாகப் போகாத மூலைகளுக்கு இரத்தத்தை அனுப்புவது வீண். அதனால் அந்த மூலைகளுக்குச் செல்லும் நுண்குழாய்கள் தாமே சுருங்கி, இரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடுகின்றன. கெட்டியான ஒரு நீர்ப்பாசன ஏற்பாடு போல! பிராணவாயுவை வெள்ளமாகப் பாய்ச்சினால் இந்த மடைகள் ஏமாந்து திறந்துகொள்கின்றன. இரத்தம் கெட்ட மூலைகளுக்கும் பாய்கிறது. அங்கே கரியமில வாயுவைக் கழிக்க முடியாது. அது உடலில் சேர்ந்து, நோயாளியை மயக்கத்தில் தள்ளுகிறது.

மாரடைப்பு நோயாளிக்கும் இதே கதைதான். பிராணவாயு ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவருக்கு மேலும் கொடுத்தால் இதயத் தமனிகள் சுருங்கக்கூடும். மெல்போர்ன் ஆம்புலன்ஸ்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, அப்படிக் கொடுத்ததால் இதயத் தசைச் சேதம் கூடியிருக்கலாம் என்றது. 2017இல் சுவீடனிலிருந்து 6,629 பேர்மீது நடந்த பெரிய ஆய்வு வந்தது: ஓராண்டுக்குள் இறந்தவர்கள் பிராணவாயு பெற்றவர்களில் 5.0 சதவீதம், பெறாதவர்களில் 5.1 சதவீதம். அதாவது வேறுபாடே இல்லை. விரல் நுனியில் ஒரு சிறு கவ்வியை மாட்டிச் செறிவைப் பார்க்கிறார்களே, அதைப் பார்த்த பின்னரே முகமூடியை எடுக்கவேண்டும் என்பது இப்போதைய விதி.

நாய்க்கு நல்லது, மனிதருக்கு?

இப்போது முத்திரையிட்ட பெட்டிக்குத் திரும்புவோம்.

அட்ரினலின் நமது சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பி சுரக்கும் பொருள். தெருநாய் துரத்தும்போது உங்கள் நெஞ்சு படபடப்பதும் முகம் வெளிறுவதும் அதன் வேலை. முகம் ஏன் வெளிறுகிறது? தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை அட்ரினலின் சுருக்கிவிடுகிறது. அதே வேலையைத்தான் இதயம் நின்றுபோனவரின் உடலிலும் செய்யும் என்று எதிர்பார்க்கிறார்கள். கை, கால், வயிற்றுப் பகுதிகளின் குழாய்கள் சுருங்கும். மார்பை அழுத்தும்போது பாயும் சிறிதளவு இரத்தம் வீணாகாமல் இதயத் தமனிக்குள் புகும். இதயம் மீண்டும் துடிக்கும். 1960களில் நாய்களில் செய்த சோதனைகள் இதை அழகாகக் காட்டின. ஆகவே 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் என்பது உலகெங்கும் விதியாயிற்று.

ஆனால் நாய்க்கு மருந்து கொடுத்தது ஆய்வுக்கூடத்தில், இதயம் நின்ற சில நிமிடங்களுக்குள். தெருவில் அப்படி நடக்குமா? பிரிட்டன் ஆய்வில் தொலைபேசி அழைப்பு வந்ததிலிருந்து மருந்து உடலில் ஏறுவதற்கு ஆன சராசரி நேரம் சுமார் 21 நிமிடம். வண்டி ஏழு நிமிடத்துக்குள் வந்துவிட்டபோதும் அப்படித்தான். மின்னதிர்ச்சி கொடுத்து, மூச்சு கொடுத்து, சுருங்கிக் கிடக்கும் நரம்பைத் தேடிப் பிடிப்பதற்குள் அவ்வளவு நேரம் ஓடிவிடுகிறது.

இன்னொரு சந்தேகமும் எழுந்தது. அட்ரினலின் பெரிய குழாய்களில் அழுத்தத்தை ஏற்றினாலும், மூளையின் நுண்குழாய்களில் ஓட்டத்தைக் குறைத்துவிடக்கூடும் என்று சில விலங்குச் சோதனைகள் காட்டின. இதயம் திரும்பிவரும், மூளை திரும்பி வராமல் போனால்?

இதைத் தீர்க்க ஒரே வழி, மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் பார்ப்பதுதான். முதலில் துணிந்தது ஆஸ்திரேலியா. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஐந்து ஆம்புலன்ஸ் அமைப்புகள் சேர்வதாகத் திட்டம். அறநெறிக் குழுக்களின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனாலும் "வழக்கமான மருந்தை மறுப்பதா?" என்ற தயக்கத்தால் நான்கு அமைப்புகள் சேராமல் போயின. எஞ்சிய ஒன்று மட்டும், மேற்கு ஆஸ்திரேலியாவில், ஆய்வை நடத்தியது. 2011இல் வெளியான முடிவில் கணக்கிடப்பட்டவர்கள் 534 பேரே. மருந்து பெற்றவர்களுக்கு இதயத் துடிப்பு திரும்புவது அதிகம் என்று தெரிந்தது. வீடு திரும்புவதும் அதிகமா? 534 பேரை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். ஏழு முறை தலை விழுந்தால் நாணயம் கோணல் என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை தலை விழுந்தால்? அப்போது நாணயத்தைப் பிடுங்கிப் பார்க்கத்தான் வேண்டும். தெருவில் இதயம் நின்றவர்களில் பிழைப்பவர்கள் நூற்றுக்கு மிகச் சிலரே. அவ்வளவு சிறிய எண்ணிக்கைகளில் வேறுபாடு காண ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். அதனால்தான் வார்விக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கேவின் பெர்கின்ஸ் குழுவினர் 8,000 பேரைத் திட்டமிட்டார்கள்.

பெட்டியின் எண் எதைக் குறிக்கிறது என்பது உதவியாளருக்குத் தெரியக் கூடாது என்றார்களே, அது ஏன்? "இது உப்பு நீர்தான்" என்று தெரிந்துவிட்டால் அவர் தம்மை அறியாமலே சோர்ந்துவிடலாம். சீக்கிரம் முயற்சியைக் கைவிடலாம். "இது மருந்து" என்று தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் மார்பை அழுத்தலாம். பிறகு வேறுபாடு மருந்தினால் வந்ததா, மனத்தினால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

ஆயிரம் பேர் கணக்கு

2018இல் முடிவு வெளியாயிற்று. எளிதாக இருக்க, ஒவ்வொரு கூட்டத்திலும் ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

அட்ரினலின் பெற்ற ஆயிரம் பேரில் 363 பேருக்கு மருத்துவமனைக்குச் செல்லும் முன்பே இதயம் மீண்டும் துடித்தது. உப்பு நீர் பெற்ற ஆயிரத்தில் 117 பேருக்குத்தான் துடித்தது. மூன்று மடங்கு! தெருவில் நிற்கும் உதவியாளர் கண்ணால் காண்பது இதைத்தான். மருந்தை ஏற்றினேன், நாடி வந்தது. இதைக் கண்ணால் கண்டவர் மருந்தைச் சந்தேகிப்பாரா? அரை நூற்றாண்டுக் காலம் யாரும் சந்தேகிக்காததற்குக் காரணம் இதுவே.

ஆனால் முப்பதாம் நாளில் உயிரோடு இருந்தவர்கள் எத்தனை பேர்? அட்ரினலின் கூட்டத்தில் 32; உப்பு நீர்க் கூட்டத்தில் 24. இடைவெளி எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். துடிக்கத் தொடங்கிய இதயங்களில் பெரும்பாலானவை மருத்துவமனையில் சில நாள்களில் நின்றுவிட்டன. எட்டுப் பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. அந்த வேறுபாடு தற்செயல் அன்று.

மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது மூளை ஓரளவு நன்றாக வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? அட்ரினலின் கூட்டத்தில் 22. உப்பு நீர்க் கூட்டத்தில் 19. இது தற்செயலாலும் வரக்கூடிய வேறுபாடு. பிழைத்தவர்களுள் தம் வேலைகளைத் தாமே செய்ய முடியாத அளவுக்குக் கடும் மூளைப் பாதிப்புடன் இருந்தவர்கள் அட்ரினலின் கூட்டத்தில் 31 சதவீதம், மற்றதில் 17.8 சதவீதம்.

ஆகவே மருந்து உயிரைக் காத்தது. ஆனால் அது கூடுதலாகக் காத்த உயிர்களில் பலவற்றுக்கு மூளையைத் திருப்பித் தரவில்லை. இது வெற்றியா தோல்வியா? எனக்கு இந்த இடத்தில் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. ஒரு மாதம் கூடுதலாகத் தந்தையின் முகத்தைப் பார்க்க விரும்பும் மகள் ஒன்று சொல்வாள். படுக்கையில் கிடக்க விரும்பாத தந்தை வேறொன்று சொல்வார். ஆய்வு எண்களைத் தரும். எண்களுக்கு விலை போடுவது ஆய்வின் வேலை அல்ல.

அட்ரினலினைப் பெட்டியிலிருந்து தூக்கி எறிந்துவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை. 2019இல் உலக அளவில் இத்தகைய விதிகளை வகுக்கும் நிபுணர் குழு, எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, அட்ரினலினைத் தொடரலாம் என்றே பரிந்துரைத்தது. சீக்கிரம் கொடுக்க வழியுண்டா என்ற தேடலும் தொடர்ந்தது. நரம்பு கிடைக்காதபோது எலும்பைத் துளைத்து மஜ்ஜைக்குள் மருந்தை ஏற்றும் முறை ஒன்று உண்டு. முதலிலேயே அப்படிச் செய்தால் என்ன என்று பிரிட்டனில் மீண்டும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2024இல் வெளியான அதன் முடிவில் பிழைத்தவர் எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை.

யாரிடம் கேட்பது?

முதலில் கேட்ட கேள்வியை நான் மறந்துவிடவில்லை. நினைவிழந்து கிடப்பவரிடம் "ஆய்வில் சேர்கிறீர்களா?" என்று கேட்க முடியாது. உறவினரை அழைத்து விளக்கிக்கொண்டிருந்தால் அதற்குள் உயிர் போய்விடும். ஆகவே அவசர நிலைக்கென்றே தனி விதி உண்டு: முன்கூட்டிக் கேட்காமல் சேர்க்கலாம், ஆனால் அறநெறிக் குழு ஒப்ப வேண்டும், பிழைத்தவரிடம் பிற்பாடு சொல்லி, தொடர்ந்து பங்கெடுக்க ஒப்புதல் பெற வேண்டும். விருப்பமில்லாத பொதுமக்கள் முன்னரே எழுதிக் கேட்டால், "ஆய்வு வேண்டாம்" என்று பொறித்த எஃகுக் கைவளை ஒன்றை அனுப்பினார்கள். அதை அணிந்தவருக்குப் பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள்; வழக்கமான சிகிச்சைதான்.

இறந்தவர்களின் குடும்பத்தாரைத் தேடிச் சென்று தகவல் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவர்களை இன்னும் வாட்டவேண்டாம் என்று எண்ணி, பொதுவான அறிவிப்புகளோடு நிறுத்திக்கொண்டார்கள். இது குறித்துக் கடுமையான விவாதம் நடந்தது. கருணையா, மறைப்பா? என் வரையில், கேட்டு வருகிறவர்களுக்கு மறைக்காமல் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். உங்கள் வகுப்பில் இதை விவாதித்துப் பாருங்கள். ஒரே கருத்து வராது.

பெட்டிக்குள் வந்த புது மருந்து

பழையவற்றைச் சந்தேகிப்பது மட்டுமே ஆராய்ச்சியின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். புதிதாக ஏறியதும் உண்டு. அதன் பெயர் டிரானெக்சாமிக் அமிலம். ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். நமது இரத்தம் உறைவதற்கு ஃபைப்ரின் என்ற இழைகள் வலை பின்னுகின்றன. அந்த வலையைப் பிற்பாடு அறுத்துக் கரைக்க பிளாஸ்மின் என்ற நொதி இருக்கிறது. பெருங்காயத்தில் இந்த நொதி அவசரப்பட்டு, தேவையான வலையையும் அறுத்துவிடும். டிரானெக்சாமிக் அமிலம் அதன் கத்தியை மடக்கி வைக்கிறது எனலாம். பிரசவத்தின்போது இரத்தம் பெருகி இறக்கும் பெண்களைக் காப்பதே உடாகோவின் நோக்கம். விலை மலிவான இந்த மருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கவனிக்கப்படாமலே கிடந்தது!

இந்தியா உட்பட 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் விபத்துக் காயமடைந்த 20,211 பேருக்கு இதைச் சோதித்து 2010இல் முடிவு சொன்னார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 16.0 சதவீதம் பேர் இறந்தார்கள். இது பெற்றவர்களில் 14.5 சதவீதம். அடுத்த ஆண்டு அதே விவரங்களை நேரப்படி பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மைச் செய்தி வெளிப்பட்டது. முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் இரத்தப்போக்கால் இறப்பவர்கள் குறைகிறார்கள்; மூன்று மணிக்குப் பின் கொடுத்தால் கூடுகிறார்கள். ஒரே மருந்து, கடிகாரம் மட்டுமே வேறு. ஆகவே இது ஆம்புலன்ஸில் ஏற வேண்டிய மருந்து என்று பல நாடுகள் முடிவு செய்தன.

ஏறிய பின்னும் சோதனை நிற்கவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனி நாடுகளில் வண்டியிலேயே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. முதல் மாதத்தில் இறப்பு குறைவாகவே இருந்தது. ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் நடமாடுபவர் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. அட்ரினலின் கதையின் சாயல் இதிலும் தெரிகிறது அல்லவா? பிரசவப் பெண்களுக்கான பெரிய ஆய்வு 2017இல் நல்ல முடிவோடு வந்தது. உடாகோ அதற்கு ஓராண்டு முன்புதான், 98 வயதில் காலமானார்.

வண்டி வருவதற்கு முன்

அட்ரினலின் ஆய்வின் அறிக்கையில் ஓர் ஓரமாக ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்த பகுதி. ஒரு கூடுதல் உயிரைக் காக்க எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும்? அட்ரினலின் என்றால் 112 பேருக்கு. சரியான நேரத்தில் மின்னதிர்ச்சி என்றால் 5 பேருக்கு. அருகில் இருந்த யாரோ ஒருவர் மார்பை அழுத்தினார் என்றால் 15 பேருக்கு.

அருகில் இருந்த யாரோ ஒருவர்! அது நீங்களாக இருக்கலாம். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்கா, லண்டன், சுவீடன் ஆகிய இடங்களில், அவசரத் தொலைபேசியில் அழைத்தவர்களில் சிலருக்கு "அழுத்தி ஊதுங்கள்" என்றும், வேறு சிலருக்கு "அழுத்த மட்டும் செய்யுங்கள்" என்றும் குலுக்கல் முறையில் சொல்லிப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவுகளின்படி அழுத்த மட்டும் செய்தவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. குழந்தைகளுக்கும், நீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் மூச்சும் அவசியம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். விழுந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால், ஒருவரை 108க்கு அழைக்கச் சொல்லுங்கள். அவ்வப்போது மீன்போல் வாயைத் திறந்து இழுப்பது மூச்சு ஆகாது. அதைக் கண்டு ஏமாறாதீர்கள். அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடையால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். 6ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

இன்று மாலை ஒரு கெட்டியான தலையணையைத் தரையில் போட்டு, கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, அந்த வேகத்தில் அழுத்திப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் கை ஓய்ந்துவிடும். ஆகவே ஒரு நண்பரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும்.